முப்பத்தெட்டாவது டிக்

கல்லூரியில் எல்லோருக்கும் அவள் லேப் அக்காதான். மாணவிகள் வைத்த பெயர் அது. போகப் போக விரிவுரையாளர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளைவிடப் பதினைந்து வயது மூத்த கணக்காளர்கூட, "அக்கா, என் பிரிண்டர் முறைக்குதுக்கா" என்று வாசலில் வந்து நிற்பார். கணினி ஆய்வகத்தின் உதவியாளர் அவள். நாற்பது கணினிகளும், அவற்றை அரித்துத் தின்னும் தூசியும், வைரஸும் அவள் பொறுப்பு. வருடா வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்த வேலை. ஒன்பது வருடம் அப்படியே ஓட்டிவிட்டாள்.

கணவர் இரண்டு தெரு தள்ளி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். லென்ஸைத் தேய்த்து, சட்டத்தில் பொருத்தி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மனசுக்குப் பிடிக்கவில்லையென்றால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். "இவரு கண்ணாடி கொடுக்கறதுக்குள்ள நமக்கே பார்வை திரும்பிடும்" என்று வாடிக்கையாளர்கள் கேலி செய்வார்கள். கேலி செய்தவர்கள் யாரும் வேறு கடைக்குப் போனதில்லை.

சிடி போடும் யோசனை லேப் அக்காவுக்கு எரிச்சலில் பிறந்தது. கல்லூரிக்கு வெளியே ஒரு கடையில் எந்த மென்பொருளைக் கேட்டாலும் திருட்டுப் பிரதி எடுத்துக் கொடுப்பார்கள். பிரதியோடு வைரஸும் ஒட்டிக்கொண்டு வரும். மாணவிகள் அதை வீட்டுக் கணினியில் போட்டு, அங்கிருந்து ஆய்வகத்துக்குக் கொண்டுவருவார்கள். வாரத்தில் பாதி நாள் அவளுக்குக் கழுவித் துடைக்கும் வேலை. கடிதம் எழுத, கணக்குப் போட, படம் வரைய, பாட்டுக் கேட்க என்று எல்லாவற்றுக்கும் கட்டற்ற மென்பொருள்கள் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், நகல் எடுத்து அடுத்தவருக்கும் கொடுக்கலாம். திருட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் அப்படி ஒன்று இருப்பது யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தாலும் இறக்கிக்கொள்ள நல்ல இணைய இணைப்பு இல்லை. பள்ளிகளின் நிலைமை இன்னும் மோசம். நல்லதாகப் பொறுக்கி ஒரே சிடியில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டால் என்ன?

நாலு மாதம் அதே நினைப்பு. சிடியில் எழுநூறு எம்பிதான் இடம். ஒன்றை உள்ளே தள்ளினால் இன்னொன்று வெளியே பிதுங்கும். பெரிய படத்தொகுப்பு மென்பொருள் ஒன்றை மூன்று முறை சேர்த்து மூன்று முறை எடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் உரிமம் என்ன சொல்கிறது என்று படித்து, அதையும் உள்ளே வைத்தாள். "மூல நிரல் வேண்டுவோர் எழுதிக் கேட்கலாம், அனுப்பித் தருவோம்" என்று கல்லூரி முகவரியோடு ஒரு பக்கம். எதை எப்படி நிறுவுவது என்று எளிய தமிழில் முப்பத்தெட்டுப் பக்கம், மென்பொருளுக்கு ஒன்றாக.

"எல்லாத்தையும் சும்மாவே கொடுக்கப் போறியா?" என்று மாமியார் கேட்டார்.

"ஆமா அத்தை. செஞ்சவங்களே அப்படித்தான் கொடுக்கறாங்க."

"செஞ்சவங்களுக்கு வேற வேலை இல்லையாக்கும்."

இறக்கிய கோப்பு செய்தவர்கள் வெளியிட்டதேதானா, நடுவில் யாரும் கை வைத்தார்களா என்று பார்க்க ஒரு வழி உண்டு. செய்தவர்கள் தங்கள் தளத்தில் அந்தக் கோப்புக்கென்று முப்பத்திரண்டு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரிசையைப் போட்டிருப்பார்கள். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த வரிசை முழுக்க மாறிவிடும். லேப் அக்கா ஒவ்வொரு கோப்புக்கும் அந்த வரிசையைக் கணக்கிட்டு, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, நோட்டுப் புத்தகத்தில் டிக் போட்டாள். முப்பத்தேழு டிக்.

முப்பத்தெட்டாவது, புகைப்படங்களின் அளவைச் சுருக்கும் ஒரு சின்ன நிரல். பள்ளி ஆசிரியர்கள் தேர்வு விண்ணப்பத்துக்காக மாணவர் படங்களைச் சுருக்கத் தெரியாமல் தவிப்பது அவளுக்குத் தெரியும். அதற்காகவே கடைசி நேரத்தில் அதைச் சேர்த்தாள். சிடியை நகலெடுக்கும் கடையில் அன்று மாலை ஐந்து மணிக்குள் கொடுத்தாக வேண்டும். அன்று பார்த்து மாமனாரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நிரலைச் செய்தவர்களின் தளத்திலிருந்து இறக்கும்போது இணைப்பு மூன்று முறை அறுந்தது. நாலாவது முறை தளமே திறக்கவில்லை. வேறொரு தளத்தில் அதே பெயரில் அதே கோப்பு இருந்தது. இரண்டு நிமிடத்தில் இறங்கிவிட்டது. மணி நாலேகால். கணவர் வாசலில் ஸ்கூட்டரோடு நின்றார். அவள் நோட்டை எடுத்து முப்பத்தெட்டாவது டிக்கையும் போட்டுவிட்டு எழுந்தாள்.

பத்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை, சுற்றுவட்டாரப் பள்ளிகளிலிருந்து அறுபத்து மூன்று ஆசிரியர்கள் பயிற்சிக்கு வந்தார்கள். லேப் அக்கா முதல் தடவையாக மேடை ஏறினாள். பதினேழாம் கணினியைப் பெரிய திரையோடு இணைத்து, ஒவ்வொன்றாக நிறுவிக் காட்டினாள். புகைப்படச் சுருக்கியைக் காட்டியபோது அரங்கில் கைதட்டல்.

"போட்டோ சுருக்கத் தெரியாம எத்தனை பேர் அல்லாடறீங்கன்னு எனக்குத் தெரியும். போனதும் முதல்ல இதைப் போட்டுப் பாருங்க" என்றாள்.

மதியம் ஒரு மணிக்கு ஆளுக்கொரு சிடியோடு கிளம்பிப் போனார்கள்.

இரண்டு மணிக்கு இறுதியாண்டு மாணவி ஒருத்தி வந்து, "அக்கா, பதினேழாவது மெஷின்ல என் ப்ராஜெக்ட் ஃபைல் பேரெல்லாம் என்னமோ மாதிரி இருக்கு" என்றாள்.

லேப் அக்கா போய்ப் பார்த்தாள். கோப்புகளின் பெயர்கள் வெறும் கட்டங்களும் கோடுகளுமாக இருந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று மாறியது. பிறகு இன்னொன்று. எதைத் திறந்தாலும் உள்ளே குப்பை. ஓடிப்போய்ச் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

"உன்கிட்ட வேற காப்பி இருக்கா?"

"வீட்டுல இருக்குக்கா."

அந்தக் கணினி நேற்றுவரை சுத்தமாக இருந்தது. அதை அவளே துடைத்து வைத்திருந்தாள். இன்று காலையில் சிடியைத் தவிர வேறு எதையும் அதில் போடவில்லை. மேடையில் நிறுவியபிறகு அதை அணைத்து, இரண்டு மணிக்குத்தான் மறுபடி போட்டிருக்கிறார்கள். அணைத்துப் போட்டவுடன் அது வேலையைத் தொடங்கியிருக்கிறது.

நோட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். முப்பத்தெட்டு டிக்குகளும் ஒரே நீல மசியில், ஒரே சாய்வில் இருந்தன. பார்த்தால் எதுவும் தெரியாது. முப்பத்தெட்டாவது கோப்பின் வரிசையைக் கணக்கிட்டு, செய்தவர்களின் தளத்தில் இருந்ததோடு வைத்துப் பார்த்தாள். முதல் எழுத்தே ஒத்துப்போகவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு துறைத் தலைவரின் அறைக்குப் போனாள்.

துறைத் தலைவர் விருந்தினர்களை வழியனுப்பிவிட்டு நல்ல மனநிலையில் இருந்தார். அவள் சொல்லச் சொல்ல முகம் வெளுத்தது.

"யார்கிட்டயும் வைரஸ்னு சொல்லிடாதம்மா" என்றார். "புது வெர்ஷன் வந்திருக்கு, பழசைத் திருப்பி அனுப்புங்கன்னு திங்கக்கிழமை ஒரு லெட்டர் போடுவோம். காதும் காதும் வச்ச மாதிரி முடிஞ்சிடும்."

"திங்கக்கிழமைக்குள்ள போட்டுடுவாங்க சார். நான்தான் முதல்ல போடச் சொன்னேன்."

"செஞ்சவங்க மேல தப்புன்னு சொல்லலாமே."

"அவங்க கோப்பு நல்லாத்தான் இருக்கு. நான் வேற இடத்துல எடுத்தேன். சரிபார்க்கல."

அவர் நோட்டைப் புரட்டினார். "டிக் இருக்கே?"

"போட்டேன் சார். பார்க்கல."

அவர் அவளையே பார்த்தார். "அடுத்த மாசம் உன் ஒப்பந்தம் புதுப்பிக்கணும். ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு சார். போனை எடுத்துக்கறேன்."

வருகைப் பதிவில் எல்லோருடைய எண்களும் இருந்தன. கல்லூரி அலுவலகத்தில் இரண்டு தொலைபேசி. ஒன்றில் அவள், ஒன்றில் கணக்காளர். எல்லோரிடமும் ஒரே பேச்சு: சிடியில் வைரஸ் இருக்கிறது, கணினியில் போடாதீர்கள், போட்டிருந்தால் அணைத்து மறுபடி போடாதீர்கள், சிடியை இரண்டாக உடைத்துத் துண்டுகளை வைத்திருங்கள். சிலர் சிரித்தார்கள். ஒருவர், "நல்லா இலவசம் கொடுத்தீங்கம்மா" என்றார். ஒருவர் கத்தித் தீர்த்தார். அவள் பட்டியலில் அடுத்த எண்ணைச் சுழற்றினாள். பேருந்தில் இருந்தவர்களின் வீட்டுக்குப் போன் செய்து, வந்ததும் முதலில் இதைச் சொல்லுங்கள் என்றாள். ஏற்கெனவே நிறுவிவிட்ட இருவர், நல்லவேளையாக, கணினியை அணைத்திருக்கவில்லை. அவர்களிடம் நிரலை எப்படிக் கழற்றுவது என்று வரி வரியாகச் சொன்னாள்.

மூன்றரை மணிக்கு அறுபத்திரண்டு பேர் ஆயிற்று. பாக்கி ஒருவர், இருபது கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு பள்ளியின் அறிவியல் ஆசிரியர். வீட்டில் அவர் மனைவி எடுத்தார்.

"அவர் நேரா ஸ்கூலுக்குப் போயிட்டாரே. பசங்க போட்டோவெல்லாம் இன்னிக்கே சுருக்கணுமாம். ஏதோ சிடி கிடைச்சிருக்குன்னு சந்தோஷமா போன் பண்ணினார்."

"ஸ்கூல் கம்ப்யூட்டர்ல வேற என்னம்மா இருக்கு?"

"மார்க்கெல்லாம் அதுலதான். அஞ்சு மணிக்குக் கல்வி அலுவலகத்துலேர்ந்து ஆள் வந்து லிஸ்ட் வாங்கிட்டுப் போவாங்க."

பள்ளியின் தொலைபேசி செத்துக் கிடந்தது. லேப் அக்கா கண்ணாடிக் கடைக்கு ஓடினாள். கணவர் ஒரு கிழவரின் மூக்கில் சட்டத்தைப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி நின்ற நிலையைப் பார்த்ததும், "ஐயா, நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டுக் கடையின் ஷட்டரை இழுத்தார். என்ன, ஏது என்று கேட்கவில்லை. ஸ்கூட்டர் ஊரைத் தாண்டிய பிறகுதான் கேட்டார். அவள் சொன்னாள்.

"நீயா சரிபார்க்கல?" அவர் குரலில் கோபம் இல்லை. நம்ப முடியவில்லை, அவ்வளவுதான்.

"உங்களுக்கு நேரமாச்சேன்னு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். "இல்ல. எனக்குத்தான் நேரமாச்சு."

பாதி வழியில் ரயில் கேட் மூடியிருந்தது. அவள் இறங்கித் தண்டவாளத்தைப் பார்த்தபடி நின்றாள். ஒரு சரக்கு ரயில், முடிவே இல்லாமல் வந்தது. அவள் உதடு அசைவதைப் பார்த்துவிட்டு, "என்ன பண்றே?" என்றார் கணவர்.

"பெட்டியை எண்றேன். வேற எதையும் நினைக்காம இருக்க."

பள்ளியை அடைந்தபோது நாலு இருபத்தைந்து. மைதானத்தைத் தாண்டி, விளையாட்டுச் சாமான் அறைக்குப் பக்கத்தில் இருந்தது கணினி அறை. அதன் பூட்டிய கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு அறிவியல் ஆசிரியர் நின்றார். அவர் எதிரே தலைமையாசிரியை.

"சாவியை வீட்டுல வச்சுட்டேன் மேடம்."

"அரை மணி நேரத்துக்கு முன்னாடி உள்ளேதானே இருந்தீங்க. ஜன்னல் வழியாவா போனீங்க? நகருங்க சார். ஆள் வர்ற நேரம். நானே ஆன் பண்ணிப் பிரிண்ட் எடுத்துக்கறேன்."

"ஆன் பண்ணாதீங்க" என்றாள் லேப் அக்கா.

தலைமையாசிரியை திரும்பினார். "நீங்க யாரு?"

"அந்தச் சிடியைக் கொடுத்தவ."

அறிவியல் ஆசிரியரின் சட்டைப் பையிலிருந்து சாவி வெளியே வந்தது. மனிதருக்கு வியர்த்துக் கொட்டியிருந்தது. படங்களைச் சுருக்கி முடித்திருக்கிறார். கணினியை மறுபடி தொடங்கச் சொல்லித் திரையில் வந்திருக்கிறது. தொடங்கியிருக்கிறார். கோப்புப் பெயர்கள் ஒவ்வொன்றாக மாறுவதைப் பார்த்துப் பயந்துபோய் ஒயரைப் பிடுங்கி, கதவைப் பூட்டிவிட்டு, யாரிடமும் சொல்ல வாய் வராமல் நின்றிருக்கிறார்.

"எவ்வளவு நேரம் ஓடிச்சு சார்?"

"ஒரு நிமிஷம் இருக்கும். ரெண்டு... தெரியலம்மா."

"பிடுங்கினீங்க பாருங்க, அதுதான் நல்லது." அவள் உள்ளே போய்க் கணினியின் மேல் கிடந்த துணியை எடுத்தாள். "மேடம், மார்க்குக்கு வேற பிரதி இருக்கா?"

"விடைத்தாளெல்லாம் பிள்ளைங்ககிட்ட திருப்பிக் கொடுத்தாச்சு. நூத்திப் பதினெட்டுப் பேர். எல்லாம் இதுக்குள்ளதான்." தலைமையாசிரியையின் குரல் இப்போது தாழ்ந்திருந்தது.

லேப் அக்கா சிடியைக் கேட்டாள். அதில் ஓரத்தில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தபோது, ஐம்பது எம்பிக்குள் அடங்கும் ஒரு குட்டி இயங்குதளத்தை அவள் சேர்த்திருந்தாள். கணினியின் வன்தட்டை, அதாவது ஹார்ட் டிஸ்கைத் தொடாமல், சிடியிலிருந்தே நேராக ஓடக்கூடியது. அதில் ஓடவிட்டால் வன்தட்டில் இருக்கும் வைரஸ் தூங்கிக்கொண்டேதான் இருக்கும். காலையில் அதைப் பற்றிச் சொன்னபோது அரங்கில் பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள்.

"அதே சிடியையா மறுபடி உள்ளே போடறீங்க?" என்றார் தலைமையாசிரியை.

"இதுல கெட்டது ஒண்ணுதான் மேடம். மத்த முப்பத்தேழையும் என் கையால சரிபார்த்திருக்கேன்."

"அந்த ஒண்ணை?"

"அதைப் பார்க்கல."

வெளியே ஒரு வண்டிச் சத்தம் கேட்டது. எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். அலுவலகத்து ஆள் இல்லை.

அவசரப்பட்டு அப்படியே பொத்தானை அமுக்கினால், கணினி பழக்கதோஷத்தில் சிடியை விட்டுவிட்டு வன்தட்டிலிருந்து தொடங்கிவிடக்கூடும். பிறகு மிச்சம் இருப்பதும் ஒவ்வொன்றாகப் போய்விடும். முதலில் பெட்டியைத் திறந்து வன்தட்டின் கேபிளைக் கழற்ற வேண்டும். கணவர் சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து நீட்டினார். கண்ணாடித் திருகுக்கு உள்ளது, தீக்குச்சி கனம். அந்த நேரத்திலும் அறிவியல் ஆசிரியர் சிரித்துவிட்டார். பள்ளியின் அறிவியல் ஆய்வகத்துக்கு ஓடிப்போய்ப் பெரியதாக ஒன்று கொண்டுவந்தார்.

கேபிளைக் கழற்றினாள். பொத்தானை அமுக்கி, சிடியிலிருந்தே தொடங்கும்படி அமைப்பை மாற்றினாள். சிடி கரகரவென்று சுற்றியது. நீலத்திரை வந்தது, சின்ன இயங்குதளம் எழுந்தது. அணைத்தாள். கேபிளைத் திரும்ப மாட்டினாள். விரலைப் பொத்தானுக்குக் கொண்டுபோனாள். கணவர் அவள் பின்னால் வந்து நின்றுகொண்டார். அமுக்கினாள்.

சிடி சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது.

திரை நீலமானது.

வன்தட்டைத் திறந்தாள். படங்கள் இருந்த கோப்புறை முழுக்கக் கட்டங்களும் கோடுகளும். நூற்றுப் பதினெட்டு முகங்களும் போயிருந்தன. மதிப்பெண் கோப்புறையில் மூன்று கோப்புகள். முதலாவதன் பெயர் கட்டங்களாகியிருந்தது. அறிவியல் ஆசிரியர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"அது போன வருஷத்தோடது" என்றார் தலைமையாசிரியை, மெதுவாக. "அடுத்ததைத் திறங்க."

திறந்தது. முதல் மாணவியின் பெயர், ஐந்து பாடம், கூட்டுத்தொகை. கடைசி வரை இறங்கிப் பார்த்தார்கள். நூற்றுப் பதினெட்டும் இருந்தன. தலைமையாசிரியை சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அந்தக் குட்டி இயங்குதளத்துக்குப் பிரிண்டரோடு பேசத் தெரியவில்லை. ஆகவே கையால் எழுதினார்கள். கண்ணாடிக்காரர் திரையைப் பார்த்து வாசித்தார், தலைமையாசிரியை எழுதினார், அறிவியல் ஆசிரியர் கூட்டுத்தொகையைச் சரிபார்த்தார். ஐந்து மணிக்கு வந்த அலுவலகத்து ஆள், "அஞ்சுன்னா அஞ்சு மணிதான், எனக்கும் வீடு இருக்கு" என்று முனகிக்கொண்டே ஆறே கால் வரை காத்திருந்தார். லேப் அக்கா அதற்குள் கோப்புகளைத் தன் பென்டிரைவில் எடுத்துவிட்டு, வன்தட்டைத் துடைக்க ஆரம்பித்திருந்தாள்.

மறுநாள் ஞாயிறு. கல்லூரியின் கேமராவை வாங்கிக்கொண்டு அவள் மறுபடி அந்தப் பள்ளிக்குப் போனாள். பிள்ளைகளைக் கூப்பிட்டனுப்பி, ஒவ்வொருவராகச் சுவரோரம் நிறுத்தி, தானே படம் எடுத்தாள். நாலு பேர் வரவில்லை. அவர்கள் வீடு தேடிப் போனாள்.

கல்லூரியில் முதல்வர் அவளிடம் எழுத்துப்பூர்வமாக விளக்கம் கேட்டார். நாலு வரிதான் எழுதினாள். ஒப்பந்தத்தை ஒரு வருடத்துக்குப் பதில் மூன்று மாதத்துக்குப் புதுப்பித்தார்கள். வீட்டில் மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

இரண்டாம் பதிப்பு ஆறு வாரத்தில் வந்தது. இறக்குபவர் ஒருவர், சரிபார்ப்பவர் வேறொருவர், இரண்டு கையெழுத்து இல்லாமல் எந்தக் கோப்பும் உள்ளே போகாது என்று லேப் அக்கா விதி வைத்தாள். முதல் பக்கத்தில், முதல் பதிப்பில் என்ன நடந்தது, யார் தவறு, எந்தக் கோப்பு என்று எழுதினாள். அதை எடுத்துவிடச் சொல்லித் துறைத் தலைவர் இரண்டு நாள் வாதாடினார். அவள் பிடி கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவர் வந்து உட்கார்ந்து, "சரி, வரிசையைப் படி, நான் பார்க்கறேன்" என்றார். முப்பத்தெட்டுக் கோப்புகளுக்கும் இரண்டாவது கையெழுத்து அவருடையதுதான்.

பழைய சிடியின் இரண்டு துண்டுகளைக் கொடுத்தால்தான் புதுசு என்று சொல்லியிருந்தாள். ஐம்பத்தெட்டுப் பேர் கொண்டுவந்தார்கள். பதினேழாம் கணினி மேசையின் இழுப்பறையில் துண்டுகளை ஜோடி சேர்த்து எண்ணினாள். ஐந்து வரவில்லை. உடைத்துவிட்டோம் என்று மூவர் போனில் சொன்னார்கள். ஒருவர் எங்கேயோ வைத்துவிட்டேன் என்றார். ஒருவர் வேலை மாறிப் போய்விட்டார்.

அதன் பிறகு லேப் அக்கா ஒன்பது பதிப்புகள் கொண்டுவந்தாள், வேலையும் நிரந்தரமானது. பயிற்சிக்காகப் பல பள்ளிகளுக்குப் போகிறாள். எந்தக் கணினி அறைக்குள் நுழைந்தாலும் முதலில் சிடி வைக்கும் அலமாரியின் முன் நின்று, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கிறாள். ஏன் என்று கேட்பவர்களிடம் மறைக்காமல் சொல்கிறாள். இதுவரை அந்த ஐந்தில் மூன்று அப்படிக் கிடைத்திருக்கின்றன. அவற்றில் ஒன்று, உடைத்துவிட்டேன் என்று சொன்னவருடையது. ஐந்தில் கிடைக்காத இரண்டையும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.